உதவி: கேனன் ரா கோப்புகளைப் பார்க்கவும் திருத்தவும் எந்த மென்பொருள்?

கேள்வி (கடலூர், மஞ்சக்குப்பம்):
வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது கேனன் எம்50. ஊசுட்டேரியிலும் பிச்சாவரத்திலும் விடியற்காலையில் பறவைகளைப் படமெடுக்கிறேன். எல்லாம் சிஆர்3 கோப்புகள், அதாவது சென்சார் பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் கேனனின் ரா வடிவம். விண்டோஸ் 10, 8 ஜிபி ரேம் மடிக்கணினி. கோப்புறையைத் திறந்தால் படங்கள் தெரியாமல் வெறும் சின்னங்களே வரிசையாக நிற்கின்றன. டார்க்டேபிள் என்ற இலவசத் திருத்த மென்பொருளில் திறந்தாலோ, கேமரா திரையில் பளிச்சென்று இருந்த கூழைக்கடா சோபையற்றுப் போகிறது. கேமராவில் கோளாறா? மாதச் சந்தா கட்ட வசதியில்லை.

பதில் (புதுச்சேரி, லாஸ்பேட்டை):
கோளாறு எதுவும் இல்லை தம்பி. கேமரா திரையில் தெரிவது, ரா கோப்புக்குள் கேமராவே மெருகேற்றிப் பொதிந்து வைத்த ஜேபெக் படம். டார்க்டேபிள் அதை ஒதுக்கிவிட்டு, சென்சார் பதிவுசெய்ததிலிருந்து தொடங்குகிறது.

கேனன் நிறமே வேண்டுமென்றால் அந்நிறுவனத்தின் டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபெஷனல் 4 போதும், இலவசம். கேமராவில் வைத்த பிக்சர் ஸ்டைல் (படத்தின் நிறத் தோற்றம்), ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை நிறச் சமநிலை) இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளும். முதலில் அதையே நிறுவுங்கள்.

பதில் (நெய்வேலி):
பார்ப்பது வேறு, திருத்துவது வேறு. ஒரு காலைப்பொழுதில் எடுத்த அத்தனை படங்களையும் திருத்தும் மென்பொருளில் ஏற்றினால் 8 ஜிபி திணறும். எக்ஸ்என்வியூ எம்பி என்ற படம் பார்க்கும் மென்பொருளில் வேண்டாதவற்றை முதலில் கழித்துக்கட்டுங்கள். உள்ளே பொதிந்த ஜேபெக்கையே காட்டுவதால் விரைவாக நகரும். சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம். பறவையின் கண் கூர்மையாக இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்து, இல்லாததைத் தள்ளிவிடுங்கள்.

டார்க்டேபிளையும் கைவிட வேண்டாம். 3.8 பதிப்பு முதல் சிஆர்3 திறக்கும். கொக்கின் இறகு வெளுத்துவிட்டால் ரா கோப்புதான் கைகொடுக்கும். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 ஒளிப்படிகள்தான். 14 பிட் ரா கோப்பில் 16,384. மென்பொருளில் எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) குறைத்தால் இறகின் வரிகள் பெரும்பாலும் திரும்பி வரும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சென்சாரின் உச்ச அளவுவரை நிரம்பிவிட்டிருந்தால் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி அண்ணா. கேனன் மென்பொருளில் கூழைக்கடா கேமராவில் பார்த்த நிறத்திலேயே வந்துவிட்டது! திருத்தினால் மூலக்கோப்பு கெடுமா?

பதில் (நெய்வேலி):
கெடாது. கேனன் மென்பொருள் திருத்தக் குறிப்புகளை ரா கோப்புக்குள்ளேயே சேர்க்கும், படத்தரவைத் தொடாது. டார்க்டேபிள் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி என்று தனிக்கோப்பு எழுதும். வேறு வட்டுக்கு நகலெடுக்கும்போது அதையும் சேர்த்து எடுங்கள். விட்டுவிட்டால் அங்கே திருத்தம் இல்லாத படம்தான் திறக்கும்.