'பிரியாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ்': முன்னுரிமை இரவல் எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நிகழ்நேரக் கணினியியல் (குறித்த கெடுவுக்குள் வேலையை முடிக்க வேண்டிய கணினிகள் பற்றிய துறை) கலைச்சொல் பட்டியலில் 'பிரியாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ்' என்பதற்கு 'முன்னுரிமை மரபுரிமை' என்று இருக்கிறது. அதை மாற்றி 'முன்னுரிமை இரவல்' என்று வைக்க வேண்டுகிறேன்.

நடப்பது என்னவென்று பாருங்கள். முன்னுரிமையில் தாழ்ந்த பணி (டாஸ்க்) ஒன்று, பல பணிகள் பகிரும் பொதுத் தரவை வேறு யாரும் தொடாதபடி பூட்டி வைத்திருக்கிறது; உயர்ந்த பணி அந்தப் பூட்டுக்காகக் காத்து நிற்கிறது. பூட்டோடு தொடர்பே இல்லாத நடுத்தரப் பணி இடையில் வந்து தாழ்ந்ததை ஓரங்கட்டிவிட்டால், உயர்ந்த பணியின் காத்திருப்புக்கு வரம்பே இல்லை. கெடு தவறும். 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தில் இதுதான் நடந்தது. வானிலைத் தரவுப் பணி பூட்டைப் பிடித்திருக்க, தகவல்தொடர்புப் பணிகள் குறுக்கே ஓட, தரவுப் பாட்டையை (பஸ்) கவனிக்கும் முக்கியப் பணி முடங்கியது. கணினி மீண்டும் மீண்டும் ரீசெட் ஆனது. பூட்டில் அணைத்து வைத்திருந்த 'பிரியாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ்' வசதியைப் பூமியிலிருந்தே இயக்கிச் சரிசெய்தார்கள். லூயி ஷா, ராஜ்குமார், லெஹோட்ஸ்கி ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் 1990லேயே இந்தச் சிக்கலையும் தீர்வையும் ஆராய்ந்து எழுதிவிட்டார்கள்.

தீர்வு இதுதான்: பூட்டை விடும்வரை தாழ்ந்த பணி, காத்திருக்கும் பணியின் முன்னுரிமையில் ஓடும். விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும். மரபுரிமை வந்தால் திரும்பிப் போகுமா? மேலும், பொருள்நோக்கு நிரலாக்கத்தில் வகுப்புகளுக்கிடையே உள்ள உறவுக்கு அந்தச் சொல்லை ஏற்கெனவே எழுதுகிறோம். ஒரே பாடநூலில் இரண்டும் வந்தால் மாணவர் குழம்புவார்.

'இரவல் கொடுத்தவரிடம் பொருள் இருக்காதே, இங்கே உயர்ந்த பணி தன் முன்னுரிமையை இழப்பதில்லையே' என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் பூட்டுக்காக உறங்கும் பணிக்கு அந்த முன்னுரிமையால் அப்போது பயனில்லை. அது சும்மா கிடக்கிறது. அதனால் சொல் பொருந்துகிறது என்றே நினைக்கிறேன். இரவல் வாங்கியவரும் வேறொரு பூட்டுக்காகக் காத்திருந்தால், வாங்கியதை அடுத்தவருக்குக் கைமாற்றுவார். 'தொடர் இரவல்' என்று அதையும் எளிதாகச் சொல்லலாம்.

'முன்னுரிமை ஏற்றம்' என்ற இன்னொரு பரிந்துரை எனக்கும் பிடித்தது. ஆனால் உடனடி உச்சவரம்பு முறை என்று இன்னொன்று உண்டு; ஒவ்வொரு பூட்டுக்கும், அதை எடுக்கக்கூடிய பணிகளில் மிக உயர்ந்ததன் முன்னுரிமையை முன்கூட்டியே குறித்து வைப்பார்கள். அதில், யாரும் காத்திராதபோதும், பூட்டை எடுத்த கணமே முன்னுரிமை உயர்கிறது. ஏற்றம் இரண்டுக்கும் பொது. எனவே அதைப் பொதுச்சொல்லாக வைத்து, அதன் கீழ் 'இரவல் முறை', 'உச்சவரம்பு முறை' என்று பிரிக்கலாம்.

மறுப்பு இருந்தால், மாற்றுச்சொல்லை ஒரு முழு வாக்கியத்தில் வைத்து எழுதுங்கள்.