4 ஃபிஷ்ஐ கேமரா டாப் வியூ: மூலையில் மோட்டார் சைக்கிள் மறைகிறது, ரேம்ப்பில் கோடு விரிகிறது

பாயான்_லெப்பாஸ்:

வணக்கம். மைவி காடியில் (சிறிய மலேசியக் கார்) 4 ஃபிஷ்ஐ கேமரா (மிக அகலமாகப் பார்க்கும் வளைந்த லென்ஸ்) பொருத்தியிருக்கிறேன். முன் கிரில்லில் 70 செ.மீ. உயரத்தில் ஒன்று, பின்னால் ஒன்று, இரு பக்கக் கண்ணாடிக்கும் அடியில் ஒவ்வொன்று. 190 டிகிரி, 1280×720, எல்லாம் யூஎஸ்பி. ஓபன்சிவி மென்பொருளில் படத்தின் வளைவை நேராக்கி, ஹோமோகிராபி (சாய்வாகத் தெரியும் தரையை மேலிருந்து பார்ப்பதுபோல மாற்றும் கணக்கு) போட்டு, நான்கையும் ஒட்டி 8×12 மீட்டர் டாப் வியூ (மேலிருந்து பார்த்த படம்) எடுக்கிறேன். பிக்சலுக்கு 2 செ.மீ. இதில் கோடுகளையும் பக்கத்து வாகனங்களையும் கண்டுபிடித்து, தானாக பார்க் செய்யும் புரோகிராமுக்குக் கொடுக்க வேண்டும்.

சிக்னலில் முன் மூலையில் வந்து நிற்கும் மோட்டார் சைக்கிள் பாதிக்கு மேல் காணாமல் போகிறது. மாடி கார் பார்க்கில் ரேம்ப் (சரிவுப் பாதை) ஏறுவதற்கு முன்னால் கோடுகள் விசிறி போல விரிகின்றன. காடி நகர்ந்தால் முன் படத்துக் கோடும் பக்கத்துப் படத்துக் கோடும் ஒட்டவில்லை, நின்றால் சரியாக இருக்கிறது. காலிபரேஷனை (கேமராவின் லென்ஸ் வளைவையும் கோணத்தையும் அளந்து பதிவது) மறுபடி எடுக்க வேண்டுமா?

செந்தூல்வாசி:

முதல் இரண்டுக்கும் காலிபரேஷன் காரணமில்லை. ஹோமோகிராபி எல்லாப் பிக்சலும் தரையில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. கேமரா உயரம் h, பொருள் இருக்கும் தூரம் d, அதன் உயரம் z என்றால், அது டாப் வியூவில் d×h/(h−z) தூரத்தில் போய் விழும். உங்கள் 70 செ.மீ. கேமராவுக்கு 4 மீட்டரில் ரேம்ப் 30 செ.மீ. ஏறியிருந்தால், அந்தக் கோடு 7 மீட்டரில் தெரியும். விசிறி அங்கேதான் பிறக்கிறது. காடி முழுவதும் ஒரே சரிவில் நிற்கும்போது இந்தக் கோளாறு வராது. சரிவு மாறும் இடத்தில்தான் வரும். z-உம் h-உம் சமமானால் பொருள் தரையில் விழவே விழாது.

மோட்டார் மறைவதும் இதே கணக்குதான். முன் கேமரா அதன் மேல் பாகத்தை ஒரு திசையில் இழுக்கிறது, பக்கக் கேமரா வேறு திசையில். இரண்டு படமும் ஒட்டும் கோடு மோட்டாரின் நடுவில் போனால், இரண்டு இழுப்பும் கோட்டைத் தாண்டி அடுத்த கேமராவின் பகுதிக்குள் விழுந்து வெட்டுப்படும். மிஞ்சுவது டயர் தரையைத் தொடும் இடம் மட்டும். இரண்டு படத்தையும் பாதிப்பாதியாகக் கலந்தால் மோட்டார் மறையாது, ஆனால் இரண்டு பேயாகத் தெரியும். ஓட்டுநர் பார்க்கும் திரைக்கு அது போதும், புரோகிராமுக்குப் போதாது.

அதனால் வாகனத்தை ஒட்டிய படத்தில் தேடாதீர்கள். ஒவ்வொரு கேமராவின் அசல் படத்திலும் கண்டுபிடித்து, டயர் தரையைத் தொடும் புள்ளியை மட்டும் தரைக்கு மாற்றுங்கள். கோடு, அம்புக்குறி போன்ற தட்டையான சமாச்சாரத்துக்கு டாப் வியூ போதும்.

பட்டர்வொர்த்_கேபிள்:

மூன்றாவது, நேரச் சிக்கல். யூஎஸ்பி கேமராக்கள் அவரவர் இஷ்டத்துக்கு ஓடும். 30 எஃப்பிஎஸ்-ல் (நொடிக்கு 30 படம்) 33 மில்லிசெகண்ட் வரை வித்தியாசம் வரலாம். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் அது 9 செ.மீ., 60-ல் 55 செ.மீ. நான்கையும் ஒரே ஹப்பில் செருகியிருந்தால் இன்னும் மோசம். சுருக்காத 1280×720 படம் ஒரு கேமராவுக்கே நொடிக்கு 55 எம்பி கேட்கும். யூஎஸ்பி 2-இன் உச்சமே 60. படத்தைச் சுருக்கி அனுப்பும் எம்ஜேபெக்குக்கு மாற்றுங்கள், ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வந்த நேரத்தைப் பதியுங்கள், சக்கர வேகத்தைக் கொண்டு தரைப் புள்ளிகளை ஒரே நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். முறையான தீர்வு, எல்லாக் கேமராவையும் ஒரே நேரத்தில் படமெடுக்க வைக்கும் வெளி டிரிகர் உள்ள ஜிஎம்எஸ்எல் (வாகனங்களுக்கான கேபிள் இணைப்பு) கேமராதான், ஆனால் செலவு.

ஆனாலும் காலிபரேஷனை ஒரு தடவை சரிபார்க்கத்தான் வேண்டும். உங்கள் முன் கேமரா 1 டிகிரி சாய்ந்தால், 2 மீட்டரில் 11 செ.மீ. பிழை, 5 மீட்டரில் 63 செ.மீ. பின் சீட்டில் மூன்று பேர் ஏறினாலே மூக்கு கொஞ்சம் தூக்கும். பக்கக் கண்ணாடியை மடித்து விரித்தால் பழைய கோணத்துக்கே வரும் என்று நம்ப வேண்டாம்.

காலிபரேஷனுக்கான கறுப்பு வெள்ளைக் கட்ட செஸ்போர்டைக் கெட்டியான பலகையில் ஒட்டி, கேமராவுக்கு 30, 40 படம் எடுங்கள். பாதியாவது படத்தின் ஓரத்தில் இருக்கட்டும். நடுவிலேயே எடுத்தால் பிழை 0.3 பிக்சல் என்று அழகாகக் காட்டும், ஓரத்தில் கோடு வளைந்தே இருக்கும். பிறகு சமதளத்தில், டயர் காற்றைச் சரிபார்த்து, இரண்டிரண்டு கேமராவுக்கும் தெரியும்படி நான்கு மூலையிலும் தரையில் போர்டு விரித்து ஒவ்வொரு கேமராவின் கோணத்தையும் எடுங்கள்.

இன்னொன்று: நேராக்கி, பிறகு ஹோமோகிராபி என்று இரண்டு தடவை மாற்றாதீர்கள். 190 டிகிரியைத் தட்டையான படமாக விரிக்கவே முடியாது, ஓரம் வெட்டுப்படும். டாப் வியூவின் ஒவ்வொரு பிக்சலிலிருந்தும் திரும்பக் கணக்கிட்டு, ஃபிஷ்ஐ படத்தில் எந்த இடம் என்று ஒரே அட்டவணையாக வைத்து ரீமேப் செய்யுங்கள். வேகமும் கூடும்.

பாயான்_லெப்பாஸ்:

நன்றி அண்ணே. அப்படியென்றால் 2 செ.மீ. பிக்சலே வீணா? ஹோமோகிராபியை விட்டுவிட்டு நியூரல் நெட்வொர்க்குக்குப் போய்விடலாமா?

செந்தூல்வாசி:

பக்கத்தில் வீணில்லை. உங்கள் லென்ஸில் டிகிரிக்கு ஏறக்குறைய 6.7 பிக்சல். 5 மீட்டரில் ஒரு பிக்சலே 9 செ.மீ. தரையை மூடுகிறது, அதற்கப்பால் 2 செ.மீ. என்பது வெறும் நிரப்பல்.

2020-இல் வந்த லிஃப்ட் ஸ்பிளாட் என்ற நியூரல் நெட்வொர்க் முறை ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரே ஆழம் என்று முடிவு கட்டாமல், 4 முதல் 45 மீட்டர் வரை 1 மீட்டர் இடைவெளியில் நிகழ்தகவைப் பரப்பி, 50 செ.மீ. கட்டங்களில் சேர்க்கிறது. தரை தட்டை என்ற அனுமானமே தேவையில்லை. ஆனால் அதைப் பயிற்றுவித்த நியூசீன்ஸ் என்ற சாலைப் படத் தொகுப்பில் 6 சாதாரண லென்ஸ் கேமராக்கள். பாதி சிங்கப்பூரில் எடுத்தது, அதனால் இடப்பக்கம் ஓட்டும் சாலை மலேசியாவில் நமக்குப் பொருந்தும். உங்கள் ஃபிஷ்ஐக்கு ஏற்ப ஒளிக்கதிர் கணக்கை மாற்றாமல், மறுபடி பயிற்சியும் கொடுக்காமல் அப்படியே போட்டால் குப்பைதான் வரும். பார்க்கிங்குக்கு 50 செ.மீ. கட்டம் ரொம்பப் பெரிது, அதையும் சுருக்க வேண்டும்.

இப்போதைக்கு ரேம்ப்பில் சாய்வு சென்சாரை நம்பாதீர்கள். அது காடியின் சாய்வைத்தான் சொல்லும், முன்னால் இருக்கும் தரையின் சாய்வைச் சொல்லாது. பார்க்கிங் கட்டத்தின் இரண்டு பக்கக் கோடும் இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். விரிந்தால் அந்த ஃபிரேமைத் தள்ளிவிடுங்கள்.

பட்டர்வொர்த்_கேபிள்:

மாலை மழையில் பின் லென்ஸில் ஒரு சொட்டு நீர் நின்றாலும் அதே கதைதான்: கோடு கோணும், அந்த ஃபிரேமையும் தள்ளிவிடுங்கள். ஈரமான எபாக்ஸி (பளபளப்பான பூச்சு) தரையில் விளக்கின் பிரதிபலிப்பு வெள்ளைக் கோடு போலவே தெரியும். அசலா என்று பார்க்க, காடி நகரும்போது கவனியுங்கள்: வரைந்த கோடு தரையிலேயே நிற்கும், பிரதிபலிப்பு காடியோடு சேர்ந்து நகரும்.