சிறுவர் தினத்துக்கு ஸ்லைம்: குளம், வயல், கடல் என்று மூன்று மேசை போட என்ன வேணும்?

மாங்குளத்தார்:

வணக்கம். ஒக்டோபர் 1 சிறுவர் தினத்துக்கு எங்கட பக்கத்துப் பிள்ளைகள் இருபது பேருக்கு ஸ்லைம் (கையால இழுத்துப் பிசைஞ்சு விளையாடுற வழுவழுப்பான பசை) செய்யிற காலை நிகழ்ச்சி ஒன்று ஒழுங்கு பண்ணிறம். மூன்று வயசில இருந்து பதினொரு வயசு வரை கலந்து வருவினம். நிறத்தை மட்டும் மாத்தி விடாமல் இரணைமடுக் குளம், வயல், முல்லைத்தீவுக் கடல் என்று மூன்று மேசை போட யோசனை. வீடியோக்களில சொல்லுற கொன்டாக்ட் லென்ஸ் தண்ணி, லிக்விட் ஸ்டார்ச் எல்லாம் இங்க கடைகளில இல்லை. அதுக்குப் பதிலாப் பார்மசிச் சேலைனும் வீட்டுக் கஞ்சியும் சரிவருமோ? எந்தக் கம் வாங்கிறது? சின்னாக்கள் வாயில வைச்சால் பிரச்சினை இல்லாத வகை ஏதும் இருக்கோ?

பாலைநிழல்:

சேலைனும் வேண்டாம், கஞ்சியும் வேண்டாம். லென்ஸ் தண்ணியில போரிக் அமிலம் சேர்ந்திருக்கும், அந்த லிக்விட் ஸ்டார்ச்சில போரேட் (போரோன் சேர்ந்த உப்பு) கலந்திருக்கும். வேலை செய்யிறது அதுதான். பார்மசிச் சேலைன் வெறும் உப்பும் தண்ணியும். உடுப்புக்குப் போடுற கஞ்சியில சோறு வடிச்ச மாச்சத்து மட்டும்தான்.

முதலில கம்மைச் சரியாப் பாருங்கோ. பிவிஏ பசைதான் வேணும். பள்ளிக்கூட வெள்ளைக் கம்மிலும் தச்சு வேலைக்கு வாங்கிற வெள்ளைப் பசையிலும் அது இருக்கு. கடித உறை ஒட்டுற மஞ்சள் கம் வேற சாமான், எவ்வளவு கலக்கினாலும் தண்ணியாவே கிடக்கும். தச்சுப் பசை தடிப்பு, அதுக்குத் தண்ணி கால்பங்கு கூட விடவேணும்.

அந்தப் பசையின்ர நீளச் சங்கிலிகளை ஒன்றோடொன்று கோர்த்துப் பிடிக்கிறது போரேட். உங்களுக்குக் கைக்கெட்டுற போரேட் வெண்காரம் (போராக்ஸ்). நகை வேலை செய்யிறவை பற்றவைக்கப் பாவிக்கிறது இதைத்தான், நாட்டு மருந்துக் கடையிலும் கேட்கலாம். கடையில மாறிப் படிகாரம் தந்தால் ஸ்லைம் வரவே வராது, இரண்டும் பார்வைக்கு ஒரே வெள்ளைக் கட்டி. வீட்டிலேயே சோதிக்கலாம். மஞ்சள்தூள் கரைச்ச தண்ணியில ஒரு துண்டைக் கரைச்சு விடுங்கோ. செம்பழுப்பாக மாறினால் வெண்காரம், மஞ்சளாவே நின்றால் படிகாரம். பொரிச்ச வெண்காரமும் வாங்க வேண்டாம். அது நீர் வற்றி உப்பினது, கரண்டி அளவு பிழைக்கும்.

அளவு: கட்டியை இடிச்சுத் தூளாக்கி 4 கிராமை 250 மில்லி இளஞ்சூட்டுத் தண்ணியில முழுசாக் கரையுங்கோ. மட்டமா வழிச்ச ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ அந்த நிறைதான். இன்னொரு பாத்திரத்தில 100 மில்லி கம், 100 மில்லி தண்ணி, நிறம். இதுக்குள்ள வெண்காரத் தண்ணியை ஒவ்வொரு தேக்கரண்டியா விட்டுக் கிண்டுங்கோ. 30 மில்லி அளவில பாத்திரத்தின்ர ஓரத்தை விட்டுக் கழன்று வரும். அப்பவும் கையில ஒட்டும். இந்த இடத்திலதான் எல்லாரும் அவசரப்பட்டு இன்னும் விடுறவை. அப்பிடி விட்டால் ரப்பர் மாதிரி இறுகி, இழுக்கேக்க அறுந்துபோகும். எடுத்து மூன்று நாலு நிமிஷம் பிசையுங்கோ, பிசையப் பிசைய ஒட்டுறது நிற்கும். அதுக்குப் பிறகும் ஒட்டினால் மட்டும் இன்னொரு கரண்டி. இறுகிப்போனதுக்குள்ள ஒரு மேசைக்கரண்டி கம்மும் கொஞ்சம் சுடுதண்ணியும் விட்டுப் பிசைஞ்சால் ஓரளவு திரும்பும்.

40 மில்லிக்கு மேல போகவே வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின்ர விளையாட்டுப் பொருள் விதிப்படி ஒட்டுந்தன்மையுள்ள பொருள் ஒரு கிலோவில இருந்து 300 மில்லிகிராமுக்கு மேல போரோன் வெளிவரக் கூடாது. வெண்காரத்தின்ர நிறையில 11 வீதம் போரோன். மேல சொன்ன அளவில 40 மில்லி விட்டால், உள்ளதெல்லாம் வெளிவந்தாலும் அந்த எல்லைக்குச் சற்றுக் கீழ நிற்கும். தூளை அளக்கிறதும் கரைக்கிறதும் பெரியாக்கள்தான். கரைச்ச போத்தலில் பெரிசா எழுதி ஒட்டி வையுங்கோ, குடிதண்ணிப் போத்தலில ஊத்தி வைக்க வேண்டாம். கையில வெட்டுக் காயம் இருக்கிற பிள்ளையை இந்த மேசைக்கு விடாதேங்கோ. ஏழு வயசுக்கு மேற்பட்டவைக்கு மட்டும் இது போதும் என்பது என்ர அபிப்பிராயம்.

மருதவேலி:

சின்னாக்களுக்கு வயல் மேசைதான் பொருத்தம், அதுக்கு வெண்காரமே தேவையில்லை. கோன்பிளவர் இரண்டு கோப்பை, ஆறின பிளேன்ரீ ஒரு கோப்பை. சாயத்தில சேற்று நிறம் தானா வரும். தேத்தண்ணி முழுவதையும் ஒரேயடியா ஊத்தாமல் கடைசி கால் கோப்பையை மெதுவா விடுங்கோ. விரலால மெல்ல அளைஞ்சால் தண்ணி மாதிரி ஓடவேணும், கையால குத்தினால் கல்லு மாதிரி நிற்கவேணும். அதுதான் பதம். தண்ணி கூடினால் குத்தினாலும் தெறிக்கும், அப்ப மா இரண்டு கரண்டி போட்டால் சரி. கோதுமைமா போட்டால் பசைத்தன்மை வந்து ரொட்டி மாவாகிவிடும். வறுத்த அரிசிமா சொரசொரவென்று அடியில படியும்.

பிளாஸ்டிக் எருமை, மாடு, உழவு மெசின் வைச்சு விளையாட விடுங்கோ. எருமையைச் சேற்றுக்குள்ள தாட்டுப்போட்டு வெடுக்கென்று இழுத்தால் வராது, ஆறுதலா இழுத்தால் வரும். அமுக்கம் படேக்க மாத்துணிக்கைகள் ஒன்றோடொன்று நெருக்கிப் பூட்டிக்கொள்ளும், விட்டால் இடையில தண்ணி ஓடி இளகும். ஐந்து வயசுப் பிள்ளைக்கும் இதைக் கையால விளங்கப்படுத்தலாம்.

குளம் மேசைக்கும் சாப்பாட்டுச் சாமானிலேயே செய்யலாம். இசப்கோல் தூள் (மலச்சிக்கலுக்குக் கரைச்சுக் குடிக்கிற உமித் தூள்) ஒரு தேக்கரண்டியை 250 மில்லி தண்ணியில கரைச்சு, பச்சை நிறம் இரண்டு துளி விட்டு, மெல்லிய நெருப்பில கிண்டிக் கொதிக்க வையுங்கோ. பொங்கி வரேக்க இறக்கி ஆறவிட்டுத் திரும்ப ஏத்துங்கோ. மூன்று நாலு தரம் இப்பிடிச் செய்தால் நல்லா வழுக்கிற கூழாகும். ஒவ்வொரு தரமும் இன்னும் தடிக்கும், உங்களுக்கு வேண்டிய பதத்தில நிற்பாட்டுங்கோ. முழுசா ஆறின பிறகு மட்டும் பிள்ளையளின்ர கையில குடுங்கோ, நடுப்பகுதி நெடுநேரம் சூடா இருக்கும். பலூடாவுக்குப் போடுற கசகசாவை (கறிக்கு அரைக்கிறது இல்லை, ஊறினால் வழுவழுக்கிற கறுப்பு விதை) ஒரு மேசைக்கரண்டி எடுத்து, தண்ணியில 20 நிமிஷம் ஊறவிட்டு வடிச்சுக் கலந்தால் அப்படியே தவளை முட்டை. குளத்துக்கு இதை விட வேற அலங்காரம் தேவையில்லை.

இரண்டும் அன்று காலமை செய்து அன்றே முடிக்கிற சாமான். எங்கட வெக்கைக்கு அடுத்த நாள் புளிச்சு மணக்கும். மூன்று வயசுக்காரரோட ஒரு பெரிய ஆள் பக்கத்திலேயே இருக்கவேணும். கூழை ஒரு கை அள்ளி விழுங்கினால் தொண்டையில நிற்கும்.

கரைவலை:

கடல் மேசையைப் பற்றி ஒருவரும் எழுதேல்ல. அதுக்கு பாலைநிழல் தந்த அளவேதான், ஆனால் கண்ணாடி மாதிரித் தெளிஞ்ச கம் கிடைச்சால் எடுங்கோ. வெள்ளைக் கம்மில நீலம் எவ்வளவு விட்டாலும் பால் கலந்த வெளிர் நீலம்தான். தெளிஞ்ச கம்மில ஒரு துளி போதும். செய்த உடனே காற்றுக் குமிழ் நிறைஞ்சு கலங்கலா இருக்கும். மூடி வைச்சால் ஓரிரு நாளில தெளியும், ஆகவே இதை மட்டும் முன்கூட்டியே செய்து வைக்கலாம்.

கடல் மண் போட விருப்பமென்றால் நல்ல தண்ணியில ரெண்டு மூன்று தரம் அலசிக் காயவைச்சுப் போடுங்கோ. உப்பு பசையில இருக்கிற தண்ணியை வெளியில தள்ளிக் கட்டிகட்டியா ஆக்கிவிடும். மேல சொன்ன அளவுக்கு மண் இரண்டு மேசைக்கரண்டி, அதுக்கு மேல போனால் நீட்டேக்க கிழியும். உடைஞ்ச சிப்பி கையை வெட்டும், முழுச் சோகி மட்டும் போடுங்கோ. அதுவும் சின்னாக்கள் இருக்கிற மேசையில வேண்டாம்.

நிறத்தில இன்னொரு விசயம். மஞ்சள்தூளை நிறத்துக்குப் போடாதேங்கோ, மேல சொன்ன சோதனைதான் ஸ்லைமுக்குள்ளயும் நடக்கும். பாலைப்பழ நிறம் கேட்டுப் போட்டால் செங்கல் நிறம் வரும். ஆனால் செவ்வரத்தம் பூ இதழைச் சுடுதண்ணியில ஊறவைச்ச சாற்றைத் தண்ணிக்குப் பதிலா விட்டுப் பாருங்கோ. வெண்காரத் தண்ணி பட்டவுடனே சிவப்பு மாறிப் பச்சைப் பக்கம் போகும். பெரிய பிள்ளைகளுக்கு அந்தக் கணம்தான் முழு நிகழ்ச்சியும். நிறம் நிலைக்காது, நாள் போகப் பழுப்பாகும்.

மாங்குளத்தார்:

மூன்று பேருக்கும் மெத்தப் பெரிய நன்றி. சட்டையிலும் தலைமயிரிலும் ஒட்டினால் என்ன செய்யிறது? மிச்சத்தை எங்க போடுறது?

பாலைநிழல்:

வினாகிரி. அமிலம் பட்டால் போரேட்டின்ர பிடி விட்டுப் பசை இளகும். சட்டையில ஒட்டின இடத்தை வினாகிரியில ஐந்து பத்து நிமிஷம் நனைச்சுக் கசக்கி, பிறகு சவர்க்காரம் போட்டுத் தோயுங்கோ. தலைமயிருக்கு வினாகிரியும் தண்ணியும் சரிபாதி, கண்ணில படாமல். இல்லாட்டித் தேங்காயெண்ணெய் பூசி மெதுவா வழிச்செடுங்கோ. காய்ஞ்சு போனால் கஷ்டம், அதனால ஈரமா இருக்கேக்கயே பாருங்கோ.

வெண்கார ஸ்லைமை மூடியுள்ள ஐஸ்கிறீம் பெட்டியில போட்டு வெயில் படாமல் வைச்சால் ஒன்றிரண்டு கிழமை பாவிக்கலாம், பூஞ்சணம் தெரிஞ்சால் எறியுங்கோ. முற்றத்தில விட்டால் கோழி கொத்தும், கட்டிக் குப்பையில போடுங்கோ. மிஞ்சின வெண்காரத் தண்ணியைப் பூக்கண்டுக்கு ஊத்தக் கூடாது, போரோன் கூடினால் இலை நுனி கருகும்.

மருதவேலி:

கோன்பிளவரைச் சிங்குக்குள்ள ஊத்த வேண்டாம், குழாயில போய்ப் படிஞ்சு அடைக்கும். தட்டில பரப்பி வெயிலில வைச்சால் தூளாகும், பிறகு தட்டிக் கொட்டலாம். இருபது பிள்ளைக்கு வயல் மேசைக்கு மட்டும் மூன்று கிலோ மா எடுத்து வையுங்கோ.