கிச்சன் கேபினட் கதவு மூடவில்லை, தைப்பூசத்துக்குள் முடிக்கணும், உதவுங்கள்

ஆயர்_ஈத்தாம்_வாசி:
வணக்கம். கிச்சன் கேபினட்டில் பழைய கீல் எல்லாம் துருப் பிடித்துவிட்டது என்று புதுக் கீலும் புது ஹேண்டிலும் வாங்கி வந்தேன். கீலை மாற்றிவிட்டேன், இப்போது கதவு சரியாக மூடவில்லை. ஸ்க்ரூவைத் திருகித் திருகிப் பார்த்தாயிற்று, ஒரு பிரயோசனமும் இல்லை. ஹேண்டிலும் பழைய ஓட்டையில் உட்கார மாட்டேன் என்கிறது. சுங்கைப்பட்டாணியிலிருந்து பெரியம்மா குடும்பம் தைப்பூசத்துக்கு முதல் நாள், செட்டிப்பூசத்தன்றே வந்துவிடும். வீட்டில் தினமும் பேச்சு வாங்குகிறேன். என்ன செய்யலாம்? அவசரம்.

பிறை_தம்பி:
சரியாக மூடவில்லை என்றால் எப்படி அண்ணே? முட்டுகிறதா, தொங்குகிறதா, கடைசியில் கொஞ்சம் திறந்தபடி நின்றுவிடுகிறதா? மேல் கேபினட்டா, கீழ் கேபினட்டா? பலகை எது? ஒரு படம் போடுங்கள்.

ரசமட்டம்:
கீலை அப்புறம் பாருங்கள். முதலில் பெட்டி நேராக இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் ஃபிளாட்டுகளில் மேல் கேபினட்டைச் செங்கல் சுவரில் பிளாஸ்டிக் பிளக் வைத்து ஸ்க்ரூ அடித்துத்தான் பல பேர் தொங்கவிடுகிறார்கள். வருஷக்கணக்கில் தட்டும் டப்பாவும் ஏறினால் பிளக் இளகி ஒரு பக்கம் இறங்கும். பெட்டி கோணினால் எந்தக் கீலைப் போட்டாலும் கதவு முட்டும். ரசமட்டம் இல்லையா, டேப்பை மூலைக்கு மூலை குறுக்காகப் பிடியுங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

தச்சுப்பட்டறை:
மாதம் தவறாமல் ஒருவர் இந்தக் கேள்வியோடு வருகிறார். பலகை என்ன, கீலின் அளவு என்ன, எத்தனை கதவு, ஒன்றும் சொல்லாமல் "அவசரம்". டாக்டரிடம் போய் "எங்கேயோ வலிக்கிறது" என்றால் அவர் என்ன செய்வார்?

எப்படியும் மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த சிப்போர்ட்டாகத்தான் இருக்கும். சிப்போர்ட் தண்ணீர் குடித்தால் ஊதும், ஊதினால் திரும்பச் சுருங்காது. சிங்க் பக்கத்துக் கதவின் கீழ் விளிம்பைத் தடவிப் பாருங்கள், பொரிந்திருக்கும். அதற்கு எந்தக் கீலை மாற்றியும் பயன் இல்லை. கழற்றி வீசிவிட்டு பிளைவுட்டில் செய்யுங்கள்.

ஆயர்_ஈத்தாம்_வாசி:
மேல் கேபினட். வெள்ளைப் பலகை. ஊதவெல்லாம் இல்லை, சிங்க் அந்தப் பக்கமே இல்லை. படம் பிறகு போடுகிறேன், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.

செந்தூல்_அக்கா:
தம்பி, புதுக் கீல் சாஃப்ட் குளோஸா, அதாவது சத்தமில்லாமல் மெதுவாக மூடுகிற வகையா? எங்கள் வீட்டிலும் மாற்றிய புதிதில் சின்னக் கதவுகள் கடைசியில் தயங்கித் தயங்கி நின்றுவிடும். கதவு லேசாக இருந்து இரண்டு கீலிலும் வேகத்தைத் தடுக்கும் டாம்பர் இருந்தால் தள்ளி மூட அந்தக் கதவுக்குக் கனம் போதாது. சில கீல்களில் டாம்பரை நிறுத்த ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். கதவில் புதைந்திருக்கும் கிண்ணத்துக்குள்ளே பாருங்கள். இரண்டில் ஒன்றை நிறுத்திவிட்டால் போதும், எனக்கு அதோடு சரியாகிவிட்டது.

பிறை_தம்பி:
அக்கா சொல்வது நடக்கக்கூடியதுதான். அதை முயன்று பார்க்கும் முன் ஒன்று சொல்லுங்கள் அண்ணே: எல்லாக் கதவும் மூடவில்லையா, சிலது மட்டுமா?

ஆயர்_ஈத்தாம்_வாசி:
ஓ, அதைச் சொல்லவில்லையா? வரிசையாக நான்கு கதவு. இரண்டு ஓரத்திலும் இருப்பவை அழகாக மூடுகின்றன. நடுவில் இருக்கும் இரண்டுதான் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. இந்தப் பக்கம் பார்த்தால் ஓரக் கதவுக்கும் நடுக் கதவுக்கும் இடையில் விரல் நுழையும் சந்து. சாஃப்ட் குளோஸ்தான். எல்லாம் ஒரே கீல், கடையில் "எல்லாம் ஒரே சைஸ்தான்" என்று பெட்டியோடு கொடுத்தார்கள்.

ஜெலுத்தோங்_கைவேலை:
இந்த ஒரு வரியை முதலில் எழுதியிருந்தால் இத்தனை பதில் தேவைப்பட்டிருக்காது. 😄

பெட்டி கோணவில்லை, பலகையும் நன்றாகத்தான் இருக்கிறது. நடுவில் தவறான கீல் மாட்டியிருக்கிறீர்கள்.

நடுக் கதவு இரண்டும் ஒரே நடுப்பலகையில்தான் தொங்குகின்றன, இல்லையா? ஓரப் பலகையில் ஒரு கதவுதான், அது பலகையை ஏறக்குறைய முழுதாக மூடிக்கொள்ளலாம். நடுப்பலகையின் தடிமன் 16 அல்லது 18 மி.மீ. இருக்கும். அதை இரண்டு கதவும் ஆளுக்குப் பாதி பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். நீங்கள் வாங்கியது ஃபுல் ஓவர்லே கீல், அதாவது பலகையை முழுதாக மூடும் கதவுக்கானது, ஒவ்வொன்றும் 16 மி.மீ. கிட்ட மூடப் பார்க்கும். 18 மி.மீ. பலகையில் இரண்டு பேரும் 16, 16 கேட்டால் முட்டாமல் என்ன செய்யும்? நடுக் கதவு நகர்ந்து போன அளவுதான் மறுபக்கம் விரல் நுழையும் சந்தாகத் தெரிகிறது.

ஸ்க்ரூவைத் திருகினால் ஏன் சரியாகவில்லை என்றால், பக்கவாட்டில் தள்ளும் அந்த முன் ஸ்க்ரூவுக்கு இரண்டு மில்லி, மிஞ்சிப்போனால் மூன்று மில்லிதான் நகர்த்த முடியும். உங்களுக்கு எட்டு மில்லி வேண்டும்.

கழற்றிய பழைய கீலைத் தூக்கிப் போடவில்லையே? நடுக் கதவுக் கீலைப் பக்கவாட்டில் பிடித்து அதன் கையைப் பாருங்கள். ஓரக் கதவுடையது நேராக இருக்கும், நடுக் கதவுடையது முழங்கையில் ஒரு வளைவு எடுத்திருக்கும். வளைந்ததுதான் ஹாஃப் ஓவர்லே, பலகையில் பாதியை மட்டும் மூடும் கதவுக்கு. இன்னும் அதிகம் வளைந்தது ஒன்று உண்டு, அது பெட்டிக்குள்ளேயே உட்காரும் கதவுக்கு, அதை வாங்கிவிடாதீர்கள். கடைக்கு அந்தப் பழைய கீலையே எடுத்துப் போங்கள். கிண்ணத்தின் விட்டத்தையும் அளந்து கொள்ளுங்கள், பெரும்பாலும் 35 மி.மீ.தான்.

ரசமட்டம்:
இருந்தாலும் பெட்டியின் மட்டத்தைப் பார்ப்பது நல்லதுதான்.

தச்சுப்பட்டறை:
ஹாஃப் ஓவர்லே என்பது யாருக்கும் தெரிந்த விஷயம். நான் சொன்னது நீண்ட நாளைக்கு. சிப்போர்ட்டில் ஒரு தடவை கழற்றி மாட்டினாலே ஸ்க்ரூ ஓட்டை லூசாகிவிடும். இவர் இப்போது மூன்றாவது தடவை மாட்டப் போகிறார்.

ஜெலுத்தோங்_கைவேலை:
அதை ஒப்புக்கொள்கிறேன். டிரில்லால் இறுக்காதீர்கள், கையால் முறுக்குங்கள். ஸ்க்ரூ சும்மா சுற்றினால் நல்ல மரக் குச்சியில் வெள்ளைப் பசை தடவி ஓட்டைக்குள் அடித்து, மிச்சத்தைப் பலகைக்குச் சமமாக வெட்டி, ஒரு ராத்திரி காயவிடுங்கள். மறுநாள் 2.5 மி.மீ. பிட்டில் சின்னதாக ஓட்டை போட்டு 3.5 x 16 மி.மீ. ஸ்க்ரூ. பிடிக்கவில்லை என்று நீள ஸ்க்ரூவுக்குப் போய்விடாதீர்கள், கதவின் முன்பக்கம் எட்டிப் பார்க்கும்.

கெப்போங்_ரவி:
மன்னிக்கணும், நடுவில் நுழைகிறேன். இந்தப் பலகை, ஊதல், கரையான் தொல்லையே வேண்டாம் என்று நாங்கள் அலுமினியத்துக்கு மாறிவிட்டோம். தண்ணீர் ஊற்றிக் கழுவலாம்.

தச்சுப்பட்டறை:
அலுமினியம்! கதவைச் சாத்தினால் தகர டின் மாதிரி ஒலிக்கும். உள்ளே பொள்ளல். ஹேண்டில் ஆடத் தொடங்கினால் ஸ்க்ரூ பிடிக்க மெல்லிய தகடுதான் இருக்கிறது.

கெப்போங்_ரவி:
பிளைவுட்டைக் கரையான் விட்டுவிடுமா ஐயா? சாமி மாடத்துப் பலகை தொட்டதும் பொடியாக விழுந்தது, அதுவும் பிளைவுட்தான். ஒலிக்கிறது என்றால் கதவில் ஒரு ரப்பர் பொட்டு ஒட்டுங்கள்.

தச்சுப்பட்டறை:
சுவரில் ஈரம் இருந்திருக்கும். கரையானைக் குறை சொல்லிப் பயனில்லை. நல்ல பிளைவுட்டில் விளிம்பை அடைத்துக் கொடுத்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

செந்தூல்_அக்கா:
இரண்டு பேரும் அவர் கதவை மூட விடுங்களேன். தம்பி ஹேண்டில் பற்றியும் கேட்டாரே, அதற்கு யாருமே பதில் சொல்லவில்லை.

பிறை_தம்பி:
அண்ணே, ஹேண்டிலில் ஒரு ஸ்க்ரூ ஓட்டையின் நடுவிலிருந்து இன்னொன்றின் நடுவுக்கு அளக்க வேண்டும், ஹேண்டிலின் மொத்த நீளத்தை இல்லை. பழையது மூன்று அங்குலம், அதாவது 76 மி.மீ. ஆக இருக்கலாம். இப்போது கடையில் அதிகம் கிடைப்பது 96, 128. உங்களுடையது என்ன?

ஆயர்_ஈத்தாம்_வாசி:
பழையது 76 வருகிறது. புதுசு 96.

பிறை_தம்பி:
அப்படியென்றால் 20 மில்லி வித்தியாசம். நடுவில் சரியாக வர வேண்டும் என்று இரண்டு ஓட்டையும் புதிதாகப் போட்டால் கதவில் நான்கு ஓட்டை ஆகிவிடும். ஹேண்டிலின் ஒரு முனையைப் பழைய ஓட்டையிலேயே போட்டு, மறுமுனைக்கு மட்டும் ஒன்று போடுங்கள். மிச்சம் நிற்கும் ஒரு ஓட்டையை ஓட்டை அடைக்கும் வெள்ளை மெழுகுப் பசையால் அடைக்கலாம். கூர்ந்து பார்த்தால் தெரியும். தெரியவே கூடாது என்றால் ஓட்டையை மறைக்கும் பின்தகடு உள்ள ஹேண்டில்தான். இல்லையென்றால் 76 மி.மீ. ஹேண்டிலுக்கே மாற்றிக் கேளுங்கள், நான் அதைத்தான் செய்வேன்.

ஓட்டை போடும்போது முன்பக்கம் மாஸ்கிங் டேப் ஒட்டி, முன்னாலிருந்து பின்னோக்கிப் போடுங்கள், பின்னால் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துக் கொண்டு. கட்டை இல்லாவிட்டால் பின்பக்கம் பிய்யும். ஒரு கதவில் ஓட்டை வரும் இடத்தை அளவெடுத்து அட்டை ஒன்றில் வெட்டிக்கொண்டால் எல்லாக் கதவிலும் ஒரே இடத்தில் வரும்.

ரசமட்டம்:
அட்டையை மட்டம் பார்த்து வையுங்கள்.

கெப்போங்_ரவி:
அலுமினியத்தில் ஹேண்டிலே வேண்டாம், கதவின் விளிம்பிலேயே பிடி வரும் சட்டம் கிடைக்கிறது.

தச்சுப்பட்டறை:
அந்தப் பிடியில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் யார் சுரண்டுவது?

ஆயர்_ஈத்தாம்_வாசி:
நடுக் கதவுக்கு வளைந்த கீல் மாற்றியாயிற்று. மூடுகிறது. கிண்ணம் 35தான். ஒரு ஸ்க்ரூ சுற்றியது, குச்சி வைத்துக் காயவிட்டிருக்கிறேன். ஹேண்டில் 76க்கு மாற்றிக்கொண்டேன், நிறம் வேறு, பரவாயில்லை. எல்லோருக்கும் நன்றி. தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வருகிறவர்கள் வீட்டுக்கும் வாருங்கள்.

செந்தூல்_அக்கா:
டாம்பர் எப்படி இருக்கிறது தம்பி? சின்னக் கதவு தயங்குகிறதா?

கெப்போங்_ரவி:
தச்சுப்பட்டறை ஐயா, எங்கள் வீட்டுப் படம் இணைத்திருக்கிறேன். மழைச்சாரல் அடிக்கும் பின்கட்டில் இருக்கும் கேபினட் இது. உங்கள் பிளைவுட்டை அங்கே ஒரு வருஷம் வைத்துக் காட்டுங்கள்.

தச்சுப்பட்டறை:
படத்தில் இரண்டாவது கதவு சாய்ந்திருக்கிறது. கீலைப் பாருங்கள்.