லைட்சேபர் கைப்பிடியில் பட்டை ஒட்டவே மாட்டேன் என்கிறது, அவசரம்

அரசலாறு:
சனிக்கிழமை மன்னார்குடியில் அண்ணன் மகனுக்குப் பிறந்தநாள். அவனுக்காக ஸ்டார் வார்ஸ் படத்தில் லூக் வைத்திருக்கும் ஒளிவாள், அதாவது லைட்சேபர் செய்கிறேன். எல்லாம் முடிந்துவிட்டது. கறுப்புப் பட்டைகள் மட்டும் ராத்திரி ஒட்டினால் காலையில் கழன்று கிடக்கின்றன. மூன்று தடவை ஆகிவிட்டது. நல்ல பசை ஒன்று சொல்லுங்கள்.

குடமுருட்டி:
குழாய் பித்தளையா, பிவிசியா? பட்டை என்ன ரப்பர்? இதுவரை போட்ட பசை எது? இதெல்லாம் தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

வெண்ணாற்றங்கரை:
பசையைக் குறை சொல்லாதீர்கள், ஈரம்தான் காரணம். ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுக் கதவே சாத்த முடியவில்லை. ஒட்டிவிட்டு ராத்திரி முழுக்க குண்டு பல்பு வெளிச்சத்தில் வையுங்கள்.

பழைய ரீல்:
எந்தப் படம் என்று சொல்லாமல் லைட்சேபர் என்றால் எப்படித் தம்பி? 1977 படத்தில் நடுவளையத்துக்குள் இருப்பது கால்குலேட்டர் திரையின் குமிழ் லென்ஸ் வரிசை. 1980 படத்தில் அந்த இடத்தில் சர்க்யூட் போர்டு கனெக்டர். அடிப்படையைப் படித்துவிட்டு வேலையில் இறங்க வேண்டும். இதே இடத்தில் பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

அரசலாறு:
மன்னிக்கவும் சார். 1977. கும்பகோணத்தில் ஒரு பாத்திரப் பட்டறையில் கடைந்து வாங்கிய பித்தளைக் குழாய், நிக்கல் முலாம் போட்டது. பட்டை, அலுமினிய ஜன்னல் கண்ணாடிக்குப் போடும் கறுப்பு பீடிங். சூப்பர் குளூதான் போட்டேன். லென்ஸ் வரிசை இருக்கிறது.

குடமுருட்டி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். இன்னும் ஒன்று: பட்டை முழுசாக விழுகிறதா, முனை முதலில் எழும்புகிறதா?

அரசலாறு:
முனைதான். ஒட்டிய பத்து நிமிடத்தில் நகம் நுழையும் அளவுக்கு எழும்பி நிற்கும். காலையில் பார்த்தால் முழுசும் கீழே. பட்டையின் அடியில் பசை கண்ணாடி மாதிரி வழவழவென்று அப்படியே இருக்கிறது, குழாயில் ஒரு துளி இல்லை.

பழைய ரீல்:
ஜன்னல் பீடிங் போட்டால் அது லூக்கின் லைட்சேபரே இல்லை. படத்தில் இருந்தது கிராஃப்ளெக்ஸ் கம்பெனியின் மூன்று பேட்டரி கேமரா ஃப்ளாஷ் கைப்பிடி. செய்தால் அதை வாங்கிச் செய்யுங்கள், இல்லையென்றால் அச்சு அசல் என்று சொல்லாதீர்கள்.

மாயவரம் ஸ்டுடியோ:
தயவுசெய்து அதை மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள். ஸ்பீட் கிராஃபிக் கேமராவோடு பத்திரிகைக்காரர்கள் தூக்கிக்கொண்டு அலைந்த சாமான் அது. வாள் செய்கிறேன் என்று ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டே போனால் கேமரா வைத்திருக்கிறவன் ஃப்ளாஷுக்கு எங்கே போவான்? அப்பாவின் பெட்டியில் பழைய ஃப்ளாஷ் ஒன்று இருக்கிறது. யார் கேட்டாலும் தர மாட்டேன்.

வெண்ணாற்றங்கரை:
ரீல் சார், அந்தப் படத்தில் செட் டெக்கரேட்டராக இருந்த ரோஜர் கிறிஸ்டியன் என்ன செய்தார்? லண்டனில் ஒரு போட்டோ கடையில் கிடைத்த கைப்பிடியை எடுத்து, கையில் இருந்த கறுப்புப் பட்டையை ஒட்டினார். அவர் லண்டன் கடையில் தேடியதைத் தம்பி கும்பகோணம் கடைத்தெருவில் தேடியிருக்கிறார். அதுவும் அதே வேலைதான்.

பழைய ரீல்:
அவர் புதிதாக ஒன்றை உருவாக்கினார். நாம் அவர் செய்ததை நகல் எடுக்கிறோம். நகலுக்கு அளவுதான் உயிர்.

குடமுருட்டி:
அதை அப்புறம் பேசலாம், பையனுக்குச் சனிக்கிழமை பிறந்தநாள்.

அரசலாறு, பசை பட்டையோடு வந்துவிட்டது, குழாயில் பிடிக்கவில்லை. பட்டறையில் பஃபிங் சக்கரத்துக்கு மெழுகு சோப்பு போடுவார்கள், அந்தப் பிசுக்கு முலாம் மேலும் இருக்கும். ஈரம் காரணமே இல்லை. சூப்பர் குளூ காற்றில் உள்ள ஈரத்தில்தான் இறுகும். பல்பு வெளிச்சத்தில் காய வைக்க வேண்டாம்.

இன்னொன்று, பீடிங் சுருளாகச் சுற்றி விற்பது. அந்த வளைவு உள்ளேயே இருக்கும், முனையை அதுதான் தூக்குகிறது. வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்து, இரும்பு ஸ்கேலோடு சேர்த்துக் கட்டி ஆறவிடுங்கள். குழாயில் பட்டை உட்காரும் இடத்தை மட்டும் பென்சிலால் குறித்து 220 நம்பர் எமரி தாளில் தேய்த்து, தின்னரில் துடையுங்கள். துடைத்த இடத்தில் விரல் படக்கூடாது. பட்டையின் அடியையும் தேய்க்க வேண்டும். பிறகு இரண்டு டியூப் கலக்கும் எபாக்சி. பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றி 24 மணி நேரம் தொடாமல் வையுங்கள்.

பழைய ரீல்:
எபாக்சி சரிதான். பட்டைகளுக்கு நடுவே இடைவெளி சமமாக வர, குழாயைச் சுற்றி ஒரு காகிதத்தை ஒட்டி, அதை ஏழாக மடித்துக் குறி போடு தம்பி. கண்ணால் பார்த்து ஒட்டினால் கடைசிப் பட்டை கோணிக்கொள்ளும்.

மாயவரம் ஸ்டுடியோ:
அளவு வேண்டுமானால் கேளுங்கள். ஃப்ளாஷைப் படமெடுத்துப் போடுகிறேன். தர மாட்டேன், பார்க்கலாம்.

அரசலாறு:
எபாக்சி போட்டேன். ஆறு நிற்கிறது. ஏழாவதைத் தேய்க்க மறந்திருக்கிறேன், அது மட்டும் வந்துவிட்டது. இப்போது திரும்ப ஒட்டி டியூப் சுற்றியபடியே எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறேன். எல்லாருக்கும் நன்றி.