புதுப்பிப்பு: மன அமைதிக்காகத் திருவண்ணாமலை சென்றதில் எது பலன் தந்தது

பணி ஓய்வுக்குப் பிறகும் மனம் ஓயாமல் அலைகிறதே, யோகாவா பயணமா எது உதவும் என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. பௌர்ணமிக் கூட்டத்தைத் தவிர்த்துச் சாதாரண நாளில் திருவண்ணாமலைக்குச் செல்லுமாறு ஒருவர் கூறிய யோசனையே கைகொடுத்தது. விடியலுக்கு முன் கிளம்பி, ஏறத்தாழ 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை, எட்டு லிங்கங்களிலும் சற்றே நின்று, யாரிடமும் பேசாமல் நடந்து முடித்தேன். பின்னர் ரமணாசிரமத்திலிருந்து கந்தாசிரமத்துக்கு ஏறி, ரமணர் 1899 முதல் 1916 வரை வாழ்ந்த விரூபாட்ச குகைக்கு இறங்கினேன். எதிர்பாராதது அங்கேதான்: கண்ணை மூடியதும் அமைதிக்குப் பதிலாக அலுவலகக் காலத்துப் பழைய கோபங்கள் வரிசைகட்டி வந்தன, விரட்டாமல் உட்கார்ந்திருக்க, தாமாகவே அடங்கின. இப்போது வீட்டில் நாடிசுத்தி (மூக்குத் துவாரங்களை மாற்றி மாற்றி மூச்சுவிடும் யோகப் பயிற்சி) தொடர்கிறது. மூச்சை அடக்காமல், வெளிவிடுவதை மட்டும் நீட்டிச் செய்வதால் உறக்கம் சீராகியுள்ளது. மலைப்பாதையில் வெயில் கடுமையாதலால் செல்பவர்கள் காலையிலேயே ஏறிவிடுவது நல்லது.