கஞ்சமலைக்கு நேர் மேலே காந்தப்புலம் குறைவாகக் காட்டுகிறது, எங்கே தப்பு?

மலைக்குருவி:
எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காகச் சேலம் பக்கத்து விமானக் காந்த அளவீட்டுத் தரவோடு மூன்று நாளாக மல்லுக்கட்டுகிறேன். கஞ்சமலையில் மேக்னடைட் குவார்ட்சைட் (காந்தத்தில் ஒட்டும் இரும்புத்தாது கலந்த பாறை) இருப்பது ஊருக்கே தெரியும், ஓடை மணலில் காந்தத்தைத் துழாவினால் கருப்புத் தூள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆனால் ஐஜிஆர்எஃப் (பூமியின் இயல்பான காந்தப்புலத்துக்கான கணக்கு மாதிரி) கழித்துப் போட்ட வரைபடத்தில் மலைக்கு மேல் அடர்நீலம், அதாவது இறக்கம். வடக்கிலும் தெற்கிலும்தான் சிவப்பு. தாதுக்கு மேல் ஏற்றம் வரும் என்றுதானே பாடத்தில் படம் போட்டிருக்கிறார்கள்? கழிக்கும்போது குறி மாறிவிட்டதா?

செம்மண்:
கலர் ஸ்கேல் தலைகீழாக இருக்கிறதா பாருங்கள். நான் அதிலேயே ஒரு வாரம் தொலைத்திருக்கிறேன்.

மலைக்குருவி:
பார்த்துவிட்டேன், சரியாகத்தான் இருக்கிறது.

பழைய சர்வேக்காரன்:
தம்பி, வரைபடம் சரி, பாடப் படம்தான் வேறு ஊருடையது. கனடாவில் மர்மோரா என்று ஓர் இடம், சுண்ணாம்புக்கல்லுக்கு அடியில் கிடந்த இரும்புத்தாது 1949இல் விமான அளவீட்டில் சிக்கியது. அங்கே புவிக்காந்தப் புலம் வெகு செங்குத்தாகத் தரைக்குள் இறங்குவதால் தாதுக்கு மேல் ஏற்றம் வரும். சேலத்திலோ காந்த நடுக்கோடு, அதாவது புலம் முழுக்கக் கிடையாக இருக்கும் கோடு, தெற்கே பக்கத்திலேயே ஓடுகிறது, புலத்தின் சரிவு 10 டிகிரிகூட இல்லை, புலம் ஏறக்குறைய படுத்தே கிடக்கிறது. அதனால் மலை வடக்கு தெற்காகக் காந்தமாகிறது. வடக்கு முனையில் கிளம்பும் கோடுகள் மலைக்கு மேலாக வளைந்து தெற்கு முனைக்குத் திரும்பும்போது புவிப் புலத்துக்கு எதிர்த்திசையில் போகின்றன, இங்கே இருக்கிற சுமார் 41,000 நானோடெஸ்லாவில் அது கழிந்துவிடும். நல்ல வேளை, கஞ்சமலை ஏறத்தாழக் கிழக்கு மேற்காக நீண்டிருக்கிறது. வடக்கு தெற்காக ஓடும் பட்டையாக இருந்தால் இரண்டு நுனிகளைத் தவிர ஒன்றும் பெரிதாகத் தெரியாது.

மலைக்குருவி:
அப்பாடா. ஆனால் சார், துருவத்துக்கு மாற்றும் ஃபில்டரும் (புலம் செங்குத்தாக இருந்தால் படம் எப்படி வருமோ அப்படி மாற்றுவது) போட்டுப் பார்த்தேன், படம் முழுக்க வடக்கு தெற்காகக் கோடு கோடாக வரிக்குதிரை ஆகிவிட்டது.

பழைய சர்வேக்காரன்:
ஆகும். சரிவு இவ்வளவு குறைவான இடத்தில் அந்த ஃபில்டர் இரைச்சலைப் பெருக்கித் தள்ளும். புலம் கிடையாக இருப்பதாக வைத்துக் காந்த நடுக்கோட்டுக்கு மாற்றுங்கள், அப்புறம் இறக்கத்தையே தாதுவின் இடமாகப் படியுங்கள். புலம் இடத்துக்கு இடம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று காட்டும் அனலிடிக் சிக்னலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாறையில் பழைய காலத்துக் காந்தம் உறைந்திருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது, அப்போது மாதிரி எடுத்து ஆய்வகத்தில்தான் அளக்கவேண்டும்.

செம்மண்:
ஒன்று சொல்லிவிடுகிறேன், காந்த முரண் (இந்த ஏற்ற இறக்கம்) இல்லாத இடத்தில் இரும்பே இல்லை என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடாதீர்கள். ஹெமடைட் என்ற இரும்புத்தாது காந்தத்துக்கு அவ்வளவாக அசையாது, சத்தீஸ்கரில் இருக்கிற பைலாடிலாவின் உயர்தரத் தாது அந்த ரகம்தான்.

மலைக்குருவி:
மாற்றிவிட்டேன் சார், இறக்கம் மலையின் இரும்புப் பட்டைகள் மேல் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது! ஆனால் அடிவாரச் சமவெளியில் தனியாக ஒரு நீலத் திட்டு இருக்கிறது, புவியியல் வரைபடத்தில் அங்கே இரும்புப் பட்டை எதுவும் இல்லை. புதைந்த தாதுவாக இருக்குமோ?

பழைய சர்வேக்காரன்:
கனவு காண்பதற்கு முன்னால் செயற்கைக்கோள் படத்தை மேலே போட்டுப் பாருங்கள். அந்த அடிவாரத்தில் சேலம் உருக்காலை இருக்கிறது, ஷெட்டும் இரும்புதான்.

மலைக்குருவி:
...ஷெட் மேலேயேதான் விழுகிறது சார்.